கைக்கு எட்டாத பிளக்

பேசாலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் அவருடைய பெறாமகனுக்கு, ஒரு பழைய போர்ஷே காருக்குப் பிளக் மாற்றுவதிலேயே ஒரு பகல் முழுக்கப் போய்விட்டதாம். "ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிளக் என்கிறான். நம்பலாமா?" என்று கேட்கிறார்.

நம்பலாம். 1989இல் வந்த 964 வகை போர்ஷே 911இன் எஞ்சின் 3.6 லீற்றர், காற்றால் குளிர்வது. ஒவ்வொரு சிலிண்டரும் 100 மில்லிமீற்றர் அகலம். அவ்வளவு அகலத்தில் ஒரு பக்கம் மட்டும் தீ மூட்டினால் அது மறுபக்கம் போய்ச் சேருமுன், மிஞ்சிய கலவை சூடேறித் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். அதனால் மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக்; இரண்டு தீயும் நடுவில் சந்திக்கின்றன. சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் கீழ்ப் பிளக்குகள் ஆறும் நிலத்தைப் பார்த்திருக்கும். வண்டியை உயர்த்தி, அடியில் போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவித்தான் தேடவேண்டும்.

இதாவது காரணத்தோடு வந்த சிரமம். அமெரிக்காவில் 1975இல் வந்த செவ்ரோலே மொன்சா, ரோட்டரி எஞ்சினை மனதில் வைத்து வரைந்த சின்னக் கார். அந்த எஞ்சின் வராமல் போகவே வி8 எஞ்சினை அதற்குள் திணித்தார்கள். ஒரு பிளக்கைக் கழற்ற, எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி எஞ்சினையே சற்றுத் தூக்கவேண்டியிருந்தது.

எங்கள் கரையில் ஃபைபர் போட்டுகளில் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சினைப் பாருங்கள். மூடியைத் தூக்கினால் பிளக் கைக்கு நேரே நிற்கும். நிற்கத்தான் வேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் பெற்றோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். அப்படியும் முழுதாக எரியாமல் பிளக்கின் பீங்கானில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும்; பொறி இடைவெளியைத் தாண்டிப் பாயாமல் கரிவழியே கசிந்துவிடும். அப்போது எரியாத எண்ணெய் புகையோடு கடலுக்குள் போகிறது. 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய மண்ணெண்ணெய் அது. கடலட்டையும் ஆவுளியாவும் வாழும் கடலும் அது. ஆனால் எங்கள் போட்காரர் பிளக்கை அடிக்கடி கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள். எட்டுகிறது, அதனால் பார்க்கிறார்கள்.

முன் இருக்கைக்குக் கீழே எஞ்சின் உள்ள சின்ன வான்களின் கதை வேறு. இருக்கையைத் தூக்கவேண்டும், மூடியைக் கழற்றவேண்டும், கொயிலை இழுக்கவேண்டும். அதற்கும் கீழே ஆழக் குழிக்குள் பிளக். யாரும் தொடுவதில்லை. எஞ்சின் விக்கத் தொடங்கினால் பெற்றோலைத் திட்டுகிறார்கள். இரிடியம் பிளக் ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடும் என்பது உண்மைதான். அதுவரை திரும்பியே பார்க்கவேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அதுவும் மன்னாரில், காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும் தீவில். ஊதிச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் குழியில் கிடக்கும் மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அது சுவரைக் கீறும்.

கழற்றுவதைவிடப் பூட்டுவதில்தான் அதிக ஆபத்து. பிளக்கின் புரி இரும்பு, அது இறங்கும் சிலிண்டர் ஹெட்டின் புரி மெதுவான அலுமினியம். கண்ணுக்குத் தெரியாத குழியில் ஸ்பனரோடு இறக்கிச் சற்றே சரிவாகத் திருகினால், இரும்பு தனக்கென்று புதுப் புரி வெட்டிக்கொண்டு இறங்கும். திருகுபவருக்கு "கொஞ்சம் இறுக்கம்" என்று மட்டும் தோன்றும். ஹெட் அங்கேயே பழுதாகிவிட்டது.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த ஆயுதம் ஒரு சாண் ரப்பர் குழாய். பெற்றோல் குழாயின் பழைய துண்டு போதும். பிளக்கின் தலையில் அதைச் செருகி, குழிக்குள் இறக்கி, குழாயின் மேல்முனையை இரு விரலால் உருட்டவேண்டும். முதலில் இடப்பக்கம், கழற்றுவதுபோல. மெல்லிய ஒரு 'டிக்' கையில் படும். இரண்டு புரிகளின் தொடக்கங்களும் ஒன்றையொன்று தாண்டும் இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் உருட்டினால் பிளக் தானே வழி பிடித்துப் போகும். சரிந்து பிடித்தால் குழாய் வழுக்கும், பிளக் சுற்றாது. ரப்பருக்கு அலுமினியத்தை வெட்டும் பலம் கிடையாது. அந்தப் பலவீனத்தைத்தான் நாம் கருவியாக்கிக்கொள்கிறோம். ஸ்பனர் பலசாலி, அதனால் பிழையையும் பலமாகச் செய்யும். போர்ஷேயின் கீழ்ப் பிளக்குக்கும் இதே குழாய் உதவும். பெறாமகனிடம் கேட்டுப் பாருங்கள், அவருடைய பெட்டியிலும் ஒன்று கிடக்கும்.

குழாய் இனிச் சுற்றாது என்ற இடம் வந்தபின்தான் ஸ்பனருக்கு வேலை. வாஷர் உள்ள 14 மில்லிமீற்றர் புதுப் பிளக் என்றால் அதன்பின் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. ஏற்கெனவே ஓடிய பிளக்கைத் திரும்பப் பூட்டினால், வாஷர் நசுங்கிவிட்டதால், முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே போதும். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். உப்புக்காற்றுக்குப் பயந்து கூடுதலாக இறுக்குகிறவர்கள், அடுத்தமுறை கழற்றும்போது ஹெட்டின் புரியையும் சேர்த்தே வெளியே எடுக்கிறார்கள்.