கணிப்பொறிக்குள் ஒரு வயல்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் நிலத்துக்குப் பட்டா; அந்தப் பக்கம் பஹணி. இரண்டையும் இன்று கணிப்பொறியிலேயே பார்க்கலாம். பழைய காகிதங்களைப் படம் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை, அங்கேதான் வேலை தொடங்குகிறது.

நிலக் கணக்கில் கிருஷ்ணகிரிப் பகுதிக்குத் தனி இடம் உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அங்கு நிலங்களை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல், உழவரிடமே நேராக வரி வாங்கும் முறையை வகுத்தார்கள். ரயத்துவாரி முறை இவ்வாறு பிறந்தது. அதனால் ஒவ்வொரு வயலுக்கும் தனிக் கணக்கு வேண்டியதாயிற்று.

இன்று ஒரு வயலைப் பற்றி மூன்று ஆவணங்கள் பேசுகின்றன. நிலம் யாருடையது என்பதைப் பட்டாவும், புல எண்ணின் மொத்தப் பரப்பை 'அ' பதிவேடும், வயலின் வடிவத்தைப் புலப்படமும் சொல்லும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

முதல் சிக்கல் காகிதம். ஈரத்தில் அது விரியும், வெயிலில் சுருங்கும். படத்தின் மேல் கோடு வரைந்து பரப்பைக் கணக்கிட்டால் வயலும் சேர்ந்து சுருங்கிவிடும்! ஆகவே புலப்படத்தில் எழுதியுள்ள அளவுகளையே கணிப்பொறிக்குக் கொடுத்துப் படத்தைப் புதிதாக வரையச் செய்கிறார்கள். எண் சுருங்குவதில்லை அல்லவா?

ஆனால் எண்ணைத் தவறாக அடிக்கலாம். அடிப்பக்கம் 60 மீட்டர், உயரம் 40 மீட்டர் உள்ள முக்கோண வயலின் பரப்பு 1,200 சதுர மீட்டர், ஏறத்தாழ 30 சென்ட். 40-க்குப் பதில் 4 என்று அடித்தால்? வெறும் 3 சென்ட்! இதைப் பிடிக்க எளிய வழி உண்டு: உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டினால் 'அ' பதிவேட்டின் மொத்தம் வர வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெயர். இந்த எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறார்கள். ஒருவரே ஒரு தாளில் முனியப்பா, மற்றொன்றில் முனியப்பன். ஊராருக்கு அவர் ஒருவர், கணிப்பொறிக்கோ இருவர். விசாரித்துச் சொல்ல மனிதர்தான் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: காகிதமும் கணிப்பொறியும் வேறுபட்டால் எது செல்லும்? கர்நாடகம் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய 'பூமி' திட்டத்தில் சுமார் 2 கோடிப் பதிவுகளை ஏற்றியபின், கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று அறிவித்தது. பதிவை மாற்றும் அலுவலர் விரல் ரேகை வைக்க வேண்டும் என்றும் விதித்தது. யார் மாற்றினார் என்பது மறையாது.

இவ்வளவு கவனம் எதற்கு? தொழிற்பேட்டைக்கோ சாலைக்கோ நிலம் எடுக்கும்போது இழப்பீடு யாருக்கு, எவ்வளவு என்று இந்தக் கணக்கைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். காகிதத்தில் இருந்த பிழை கணிப்பொறிக்குள் போனதால் சரியாகிவிடாது. வேகமாகப் பரவும், அவ்வளவே.

உங்கள் வீட்டில் பட்டா இருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயரையும் பரப்பையும் இணையதளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தென்பட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.