கைப்பேசி வாசிக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு

போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், பகலில் டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துச் சொல்ல வீட்டில் எவரும் இருப்பதில்லை. கண்புரை முற்றிய பாட்டிக்கு அவ்வேளையில் துணை கைப்பேசியே. எழுத்தை உரக்க வாசிக்கும் வசதி அதில் உண்டு.

ஆனால் சீட்டு முறையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் திரையில் 'அம்மா' எனத் தெரிவது, கணினியின் கணக்கில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஆங்கிலக் குறிகளே. வாசிப்பு மென்பொருள் அவற்றையே உச்சரிக்கும். ஒருங்குறியில் அடித்தால் அம்மா அம்மாவாகவே ஒலிக்கும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருக்களோ இன்னும் விடைபெறவில்லை.

லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளில் வார்ப்புரு ஒன்றை ஒருமுறை அமைத்தால் போதும். 'மருந்துகள்', 'மறுபடி வரவேண்டிய நாள்' முதலியவற்றை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்புப் பாணியாகவே குறிக்க வேண்டும். அப்போது கேட்பவர் வேண்டிய பகுதிக்கு நேரே செல்லலாம். அச்சிடும் தாளுக்கு எழுத்தளவு 18 புள்ளி இருத்தல் நன்று. '1-0-1' என்பதைக் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என விரித்தே எழுதலாம். 'சிவப்பில் உள்ள மருந்து' என நிறத்தை மட்டும் நம்பி எழுதுதல் கூடாது.

வீடு திரும்பும்போது, தாளைப் படம் எடுத்துச் செல்வதைவிடக் கோப்பையே கைப்பேசிக்கு அனுப்புமாறு கேளுங்கள். படத்திலுள்ள எழுத்தைக் கைப்பேசி ஊகித்தே வாசிக்கிறது. 2.5 மில்லிகிராமில் அந்தப் புள்ளி தவறினால், பாட்டியின் காதில் அது 25 ஆகிவிடும்.