நோய் எதிர்ப்புச் சக்தி: கஷாயம் மட்டும் போதுமா?

குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான சொட்டு மருந்து, 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்துக்கு வந்தது. அதற்கு முன் டெல்லி, புனே, வேலூரில் சோதிக்கப்பட்டது. வேலூரில் அந்த ஆய்வை நடத்தியது, பாகாயத்தில் வளாகம் உள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் இதைத் தவறாமல் கொடுங்கள். கஷாயம் இதற்கு ஈடாகாது.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். பிறகு கேழ்வரகுக் கூழ், பயறு, முட்டை, முருங்கைக்கீரை. கீரையோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால், இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும்.

மாட்டுக்கொட்டகை வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால், தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கிணற்று நீரில் உள்ள உப்பு போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.