சுக்கான் பிடித்த கழிப்பறைக் கதவு!

கீரனூரில் பஸ்சை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கலாம். நடுக்கடலில் பாய்மரப் படகை அப்படி நிறுத்த முடியுமா? தனி ஆளாகப் போகிறவர் தூங்கும்போது சுக்கானைப் பிடிப்பது யார்?

இன்றைய படகுகளில் அந்த வேலையைத் தானியங்கிக் கருவி செய்கிறது. காற்று, ஆழம், திசை காட்டும் கருவிகளை ஒரே கேபிளில் கோத்துவிடுகிறார்கள். செய்தியும் மின்சாரமும் அதிலேயே ஓடும். இந்தக் கருவிகள் தின்னும் மின்சாரம் கொஞ்சம்தான். சுக்கானைத் திருப்பும் மோட்டாரோ பெருந்தீனிக்காரன்! அதற்குப் பாட்டரியிலிருந்தே தடித்த ஒயர் வேண்டும். தனிப் பியூஸும் வேண்டும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேறு பாட்டரி. இல்லாவிட்டால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின் அழுத்தம் சரிந்து கருவிகள் அணைந்துவிடலாம். திசை தெரியாத தானியங்கி என்ன செய்யும்?

பாட்டரிக்குத் தீனி போடுவது சூரியத் தகடும் எஞ்சினும். மேகம் மூடினால் தகடு தரும் தீனி குறையும். டீசல் தீர்ந்தால் எஞ்சின் சும்மா!

மின்சாரத் தானியங்கி இல்லாமலே உலகைச் சுற்றினார் அபிலாஷ் டோமி. இந்தியக் கடற்படையில் இருந்தவர். 2018-ல் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது புயலில் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் அடிபட்டது. பிழைத்ததே பெரிது! ஆனால் 2022-ல் மறுபடி கிளம்பிவிட்டார்.

மின்சாரச் சுக்கானிக்குப் பந்தய விதியில் இடமில்லை. காற்றின் விசையால் இயங்கும் கருவிதான் துணை. அதுவும் வழியில் உடைந்தது. கழிப்பறைக் கதவை அறுத்தார். பலகை செய்து பொருத்தினார்!

236 நாள் கடலில் கழித்து, 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாகப் பிரான்ஸ் கரையை அடைந்தார்.