சாய்ந்தோடும் பந்தும் நான்கு பெண்மணிகளும்

இத்தொடரில் இதுவரை நாம் சந்தித்தவர்கள் பெரும்பாலும் வாலிபப் பிராயத்திலேயே கீர்த்தி பெற்று, முப்பது வயதுக்குள் மைதானத்தை விட்டு நீங்கியவர்கள். இவ்வாரம் நான் எழுதப் புகுவதோ, வேறு விளையாட்டுகளில் தொடங்கி, அவை தங்களைக் கைவிட்ட பிறகு புதியதொன்றைப் பற்றிக்கொண்டு, பிறர் ஓய்வு பெறும் வயதில் சர்வதேச ஜயத்தை ஈட்டிய நான்கு பெண்மணிகளைப் பற்றி.

ரமணாசிரமத்துக்கு அருகில், செங்கம் சாலையில் குடியிருந்துகொண்டு பந்தயங்களைப் பற்றி எழுதுவது பொருத்தமாகுமா என்று அன்பர் ஒருவர் வினவினார். ஜயாபஜயங்களை உதறிவிடும் பொருட்டுத் தேசதேசாந்தரங்களிலிருந்து ஜனங்கள் வந்து சேரும் இடம் இது என்பது மெய்தான். ஆயினும், 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இவ்வூர் ரயிலடியில் வந்திறங்கிய அந்தப் பதினாறு வயதுச் சிறுவர், மதுரையில் இருந்த நாட்களில் கால்பந்திலும் குஸ்தியிலும் நீச்சலிலும் பேரூக்கம் காட்டியவர் என்பதையும், அவர் சேர்ந்த கட்சியே எப்போதும் வென்றமையால் தோழர்கள் அவருக்குத் ‘தங்கக்கை’ என்று பெயர் சூட்டியிருந்தனர் என்பதையும் ரமண மகரிஷியின் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். ஆகவே பந்தைப் பற்றிய பேச்சு அருணாசலத்தின் அடிவாரத்துக்கு அந்நியமன்று என்று அவ்வன்பருக்கு விடை கூறிவிட்டு, விஷயத்துக்கு வருகிறேன்.

லான் பவுல்ஸ் என்னும் இவ்விளையாட்டை நம் தெருப் பிள்ளைகள் ஆடும் கோலியின் பெரிய தமையன் என்று கூறலாம். ஒட்டக் கத்தரித்த புல்தரையில், ‘ஜாக்’ எனப்படும் சிறு பந்தைக் குறைந்தது 23 மீட்டர் தூரத்துக்கு முதலில் உருட்டிவிட்டு, அதற்கு எவருடைய பந்து மிக அருகில் சென்று நிற்கிறதோ அவர் பக்கத்துக்குப் புள்ளி என்று கணக்கிடுகிறார்கள். இதில் என்ன சாமர்த்தியம் வேண்டிக் கிடக்கிறது என்று நினைப்பவர்கள், ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடையுள்ள அந்தப் பந்து முழு உருண்டையன்று, ஒருபக்கம் சற்றே மாறுபடக் கடையப்பெற்றது என்பதை அறிந்தால் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள். வேகமாகச் செல்லும் வரையில் ஏறக்குறைய நேராகவே ஓடி, வேகம் தணியத் தணிய அது ஒருபுறமாகச் சாய்ந்து வளைகிறதாகையால், இலக்கை நோக்கி எறிகிறவன் இலக்கைத் தவற விடுகிறான். இலக்குக்கு அப்பால் ஒருபுறத்தை நோக்கி, காற்றையும் புல்லின் ஈரத்தையும் மனத்தில் எடைபோட்டு உருட்டுகிறவனே ஜாக்கின் பக்கத்தில் போய்ச் சேர்கிறான். உடல்வலிமையின் பங்கு இதில் சொற்பம். அப்பியாசமும் நிதானமுமே பிரதானம்.

ஸ்பானியக் கப்பற்படை நெருங்கிவிட்டது என்று 1588-இல் சேதி வந்தபோதும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி டிரேக் தம் பவுல்ஸ் ஆட்டத்தை முடித்த பிறகே எழுந்தார் என்று ஆங்கிலேயர் ஒரு கதை சொல்வார்கள், கதைதான், சரித்திரமன்று. நிச்சயமான சரித்திரம் வேண்டுவோர்க்கு, கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸ் தம் முதிர்ந்த பிராயத்தில் இவ்விளையாட்டில் மனம் தோய்ந்து, 1903-இல் ஆங்கில பவுலிங் சங்கத்தின் முதல் தலைவரானதையும், அதே ஆண்டு முதல் இங்கிலாந்து அணியை நடத்திச் சென்றதையும் நினைவூட்டுகிறேன். 1930-இல் தொடங்கிய காமன்வெல்த் விழாக்களில், 1966 ஒன்று நீங்கலாக, இது இடம்பெற்றே வந்திருக்கிறது. ஆனால் பெண்களை அனுமதிக்க 1982 வரையில் காத்திருந்தார்கள். 2010-இல் டில்லி அவ்விழாவை நடத்தியபோதுதான் இந்தியா முதன்முறையாக இதில் அணி இறக்கிற்று.

பீகாரில் கிரிக்கெட் அம்பயராக இருந்த மதுகாந்த் பாடக், நம் நால்வரில் ஒருவரான, ராஞ்சியைச் சேர்ந்த லவ்லி சௌபேயை இவ்விளையாட்டுக்கு அழைத்து வந்தார். நீளந் தாண்டும் வீராங்கனையாக இருந்த லவ்லி, காயத்தால் அத்துறையை விட வேண்டியவரானார். பிழைப்புக்கு ஜார்க்கண்ட் போலீஸில் கான்ஸ்டபிள் உத்தியோகம். அஸ்ஸாம் கோலாகாட் ஜில்லாவில் உழவர் குடும்பத்தில் பிறந்த நயன்மோனி சைக்கியா பாரந்தூக்குபவராக இருந்து, காலில் ஏற்பட்ட காயத்தால் அதை விட்டவர். ராஞ்சியின் ரூபா ராணி திர்கி கபடி ஆடியவர். பின்னாளில் ராம்கட் ஜில்லா விளையாட்டு அதிகாரி. டில்லியின் பிங்கி கிரிக்கெட் ஆடிப் பழகி, பள்ளிக்கூடமொன்றில் தேகப்பயிற்சி ஆசிரியையாக அமர்ந்தவர். 2010 விழாவுக்கான பயிற்சிக்களம் அதே பள்ளியில் அமைந்தது அவர் அதிருஷ்டம் என்றே சொல்ல வேண்டும். மூவர் ஆட்டத்தில் ரூபா ராணியும் பிங்கியும் அவ்வாண்டே நான்காமிடம் வரை சென்று பதக்கமின்றித் திரும்பினார்கள். பிறகு 2014, 2018 ஆகிய இரண்டு விழாக்களும் இந்தியாவுக்கு வெறுங்கையோடே கழிந்தன. பந்தும் உள்நாட்டுச் சரக்கன்று. கிளாஸ்கோவிலோ மெல்போர்னிலோ செய்ததைத் தருவித்தே ஆட வேண்டும்.

2022-ஆம் ஆண்டு பர்மிங்காம் விழாவில் இவ்விளையாட்டின் போட்டிகள், லெமிங்டன் ஸ்பா நகரத்து விக்டோரியா பூங்காவில் நடந்தன. நால்வர் ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டிரண்டு பந்துகள், மொத்தம் 15 சுற்றுகள்; லவ்லி முதலில் உருட்ட, பிங்கியும் நயன்மோனியும் தொடர, கடைசியில் ஸ்கிப் என்னும் தலைவி ஸ்தானத்தில் ரூபா ராணி முடிப்பார். தொடக்க ஆட்டத்திலேயே இங்கிலாந்திடம் தோற்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரையிறுதியில் எதிர்ப்பட்டது, இவ்விளையாட்டில் நெடுங்கால வம்சாவளி உடைய நியூசிலாந்து. ஆரம்பத்தில் 0-5 என்று பின்தங்கியவர்கள் மெல்ல எழுந்துவந்தும், இறுதிக் கட்டத்தில் 13-12 என்று எதிரணியே முந்தியிருந்த வேளையில், ரூபா ராணி உருட்டிய பந்து ஆட்டத்தின் கதியைத் திருப்பி 16-13 என்று முடித்துவைத்தது.

மறுநாள், ஆகஸ்டு 2 அன்று, தென்னாப்பிரிக்காவோடு இறுதியாட்டம். 8-2 என்று முன்னேறியிருந்த இந்தியர்களை எதிரணியினர் எட்டிப் பிடித்து, 10-8 என்று கடந்தும் சென்றார்கள். கைக்கு வந்தது நழுவும் போதுதான் மனிதர்க்குக் கை நடுங்கும். அந்நடுக்கம் இந்நால்வரிடம் காணப்படவில்லை. அதன்பின் எதிரணிக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடாமல் 17-10 என்று வென்றார்கள். லவ்லியும் பிங்கியும் அப்போது நாற்பதைக் கடந்தவர்கள். ஆடவர் நால்வர் அணியும் அதே விழாவில் வெள்ளி பெற்றது. ஆயினும் முதற்பதக்கமும் முதற்பொன்னும் பெண்களுடையவையே.

பெண்கள் வென்ற மறுநாள் பலரும் இவ்விளையாட்டை முதியோர் பொழுதுபோக்கு என்று எள்ளினார்கள். அவர்கள் அந்தப் புல்தரையில் ஒரேயொரு பந்தை உருட்டிப் பார்த்திருந்தால் வாய் திறந்திருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அரசாங்கம் எள்ளவில்லை: நயன்மோனிக்கு 2022-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும், பிங்கிக்கு 2023-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அளிக்கப்பெற்றன. செலவைக் குறைக்கும் பொருட்டு 2026-ஆம் ஆண்டுக் கிளாஸ்கோ விழாவின் நிரலிலிருந்து ஹாக்கி, பாட்மின்டன், குஸ்தி என்று இந்தியா நம்பியிருந்த பலவற்றை நீக்கி, பத்து விளையாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்தில் லான் பவுல்ஸும் ஒன்று.