கூர்மையும் நுண்விவரமும்: கைக் காமிராவிலிருந்து செயற்கைக் கோள் வரை

ஒளிப்படம் ஒன்று கூர்மையாக இருந்தால் அதில் நுண்விவரமும் நிறைந்திருக்கும் என்பது பொதுவான எண்ணம். குடும்பப் படத்திலோ திருவிழாப் படத்திலோ இவ்வெண்ணத்தால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் வானிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஏரியின் கரை, இது பட்டா நிலம் என்று கோடு கிழிக்க வேண்டிய கள அலுவலருக்கு இவ்விரண்டின் வேறுபாடு மிக முக்கியமானதாகும். விளிம்புகள் பளிச்செனத் தெரிவது கூர்மை. தரையில் உண்மையாகவே இருந்த சிறு பொருள் படத்தில் தனித்துப் பதிவாகியிருப்பது நுண்விவரம். முன்னதைக் கணிப்பொறியில் பின்னர் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். பின்னதையோ படம் எடுக்கும் கணத்திலேயே பெற்றாக வேண்டும்.

இவ்வேறுபாட்டை விளக்குவதற்குத் தொலைவுமானிக் காமிரா நல்லதொரு பாடக் கருவியாகும். ரேஞ்ச்ஃபைண்டர் என்று புகைப்படக்காரர்கள் வழங்கும் இக்காமிராவின் முகப்பில் இரு சாளரங்கள் உள்ளன. அவற்றிடையே ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஒரே பொருளை அவ்விரண்டும் சற்றே வெவ்வேறு கோணங்களில் காண்கின்றன. லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது, இரு பிம்பங்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்து பொருந்துகின்றன. அவை பொருந்தும் நிலையில் லென்ஸும் அப்பொருளின் மேல் குவிந்திருக்கும். அடிக்கோட்டின் நீளமும் கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் உயரம் தெரிந்துவிடும் என்ற பள்ளிக்கூடக் கணக்கே இதன் அடிப்படை. கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணையும் பின் மறு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்க்கச் செய்தால், விரல் இடம் பெயர்வதை மாணவர்கள் உடனே காண்பார்கள். கையை மடக்கி விரலை அருகே கொண்டுவந்தால் பெயர்ச்சி மிகுவதையும் காண்பார்கள். கரும்பலகையில் வரையும் படத்தைவிட இது தெளிவானது.

ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 1932ஆம் ஆண்டிலேயே இத்தொலைவுமானியை லென்ஸுடன் இணைத்துக் காமிராவுக்குள் அமைத்தது. பிலிமுக்குப் பதிலாக மின்னணு உணரி கொண்ட முதல் தொலைவுமானிக் காமிராவை 2004இல் ஜப்பானின் எப்சன் நிறுவனம் வெளியிட்டது. லைக்காவின் எம்8 2006இலும், எம்9 2009இலும் வந்தன.

பிலிம் இருந்த இடத்தில் சிலிக்கான் உணரி வந்ததும் பழைய சலுகைகள் பல மறைந்தன. பிலிம் காலத்தில், ஒரு புள்ளியின் பிம்பம் 0.03 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரந்தாலும் அதைக் கூர்மையானதென்றே கணக்கில் கொண்டனர். லென்ஸ் வளையத்தில் பொறித்திருந்த தொலைவுக் குறிகள் பெரும்பாலும் இக்கணக்கின்படி அமைந்தவையே. எம்9 காமிராவின் உணரியிலுள்ள ஒரு பிக்சலின் அகலம் சுமார் 7 மைக்ரான், அதாவது 0.007 மில்லிமீட்டர். ஆகவே பழைய கணக்கின்படி கூர்மையான புள்ளி, புதிய உணரியில் நான்கு பிக்சல்களுக்கு மேல் பரவி நிற்கும். துவாரத்தைச் சுருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கொள்வதற்கில்லை. ஒளி அலையாக இருப்பதால் சிறு துவாரத்தின் வழியே செல்லும்போது விரிகிறது. இதனை விளிம்பு விளைவு என்பர். பச்சை ஒளியில், எஃப் 5.6 அளவில் ஒரு புள்ளியின் பிம்பம் ஏறக்குறைய ஒரு பிக்சலுக்குள் அடங்கும். எஃப் 16இல் அது மூன்று பிக்சல் அகலத்துக்கு விரிந்துவிடும். இவற்றுடன் கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். பிக்சல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் காமிரா வாங்குவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

எம்8 காமிராவின் வரலாற்றில் மற்றொரு படிப்பினை உள்ளது. அக்காலத்து டிஜிட்டல் காமிராக்கள் பெரும்பாலானவற்றில், பிம்பத்தை வேண்டுமென்றே மிகச் சிறிதளவு மங்கச் செய்யும் ஒரு மெல்லிய வடிகட்டி உணரியின் முன் இருந்தது. நுண்விவரம் குறையலாகாது என்று கருதிய லைக்கா, எம்8இல் அதனை விட்டுவிட்டது. படங்கள் உண்மையிலேயே தெளிவாக அமைந்தன. ஆயினும், துணியின் நெருங்கிய இழைகள் போன்று பிக்சல்களின் இடைவெளிக்குச் சமமான நுண்மையுடைய பொருள்களைப் படமெடுத்தபோது, துணியில் இல்லாத அலைக் கோலங்களும் வண்ணப் பட்டைகளும் சில படங்களில் தோன்றின. பட்டுச் சேலையைத் தொலைக்காட்சியில் காணும்போது மினுமினுக்கும் பொய்க் கோலமும் இவ்வகையினதே. உணரியின் முன்னிருந்த அகச்சிவப்பு வடிகட்டியும் மெல்லியதாக இருந்தமையால், கறுப்புச் செயற்கை நூல் ஆடைகள் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகப் பதிவாயின. லென்ஸின் முன் பொருத்திக்கொள்ளத் தனி வடிகட்டிகளை நிறுவனம் வழங்க நேர்ந்தது. கூர்மை மிகுந்த படமும் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மேற்கூறிய கணக்குகள் அனைத்தையும் பேரளவில் போட்டுப் பார்த்த நகரம் பெங்களூர். அதன் வடமேற்கில் பீனியா என்னும் தொழிற்பேட்டைப் பகுதி இருக்கிறது. 1975இல் விண்ணில் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டா அங்கே உருவாயிற்று. அதே இடத்தில் இன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மின்-ஒளியியல் அமைப்புகள் ஆய்வுக்கூடம் இயங்கி வருகிறது. தொலையுணர்வுக் காமிராக்களுக்கு வேண்டிய ஆடிகளும் லென்ஸுகளும், செயற்கைக் கோள் தன் திசையை அறிய உதவும் விண்மீன் உணரிகளும் இங்கே உருவாக்கப்படுகின்றன. காமிராக்களை அகமதாபாதிலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் வடிவமைக்கிறது. செயற்கைக் கோள்களை ஒன்றுகூட்டும் பணி பெங்களூரில், 2018 முதல் யு. ஆர். ராவ் செயற்கைக் கோள் மையம் என்று பெயர் பெற்ற நிலையத்தில் நடைபெறுகிறது.

2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, வானில் பறந்த ஒரு தொலைவுமானிக் காமிரா எனலாம். அதில் இரு காமிராக்கள் இருந்தன. ஒன்று செங்குத்திலிருந்து 26 பாகை முன்னோக்கியும் மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. முன் காமிரா கண்ட நிலப்பகுதியைச் சுமார் 50 விநாடிகளுக்குப் பின் பின் காமிரா கண்டது. அந்நேரத்தில் கோள் 350 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கைக் காமிராவின் 7 சென்டிமீட்டர் அடிக்கோட்டுக்கு ஈடாக இங்கே அமைந்தது அந்தத் தொலைவு! கோள் பறந்த உயரம் 618 கிலோமீட்டர். இரு படங்களிலும் ஒரு குன்றின் உச்சி எவ்வளவு இடம் பெயர்ந்துள்ளது என்பதை அளந்து, அதன் உயரத்தைக் கணக்கிட்டனர்.

அக்காமிராக்களின் உணரியில் ஒரு பிக்சலின் அகலமும் 7 மைக்ரானே என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு காமிராவிலும் அத்தகைய பிக்சல்கள் சுமார் 12,000 ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன; ஒவ்வொன்றும் தரையில் 2.5 மீட்டர் அகலத்தைக் கண்டது. கைக் காமிராவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைப் பிக்சலில் தேடிப் பயனில்லை. அது ஆடியின் வடிவச் செம்மையிலும், அசைவைக் கட்டுப்படுத்துவதிலும் இருக்கிறது. ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான் அளவுதான். அதிலும் ஒரு சிறு பின்னத்துக்கு மேல் ஆடியின் பரப்பு பிசகினால் பிம்பம் கலங்கிவிடும். அசைவோ மிகக் கடுமையானது. கோளின் நிழல் தரையில் விநாடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், 2.5 மீட்டரைக் கடக்க விநாடியின் 3,000இல் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒரு வரிசையைப் பதிவு செய்ய அவ்வளவு நேரமே கிடைத்தது. 2001இல் ஏவப்பட்ட தொழில்நுட்பச் சோதனைச் செயற்கைக் கோளில், ஒரு மீட்டர் நுண்மையை எட்ட வேறோர் உத்தியைக் கையாண்டனர். ஓடும் ரயிலில் இருப்பவர் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தலையைப் பின்னோக்கித் திருப்புவது போல, அக்கோள் தன் உடலைத் திருப்பி, ஓடும் நிலத்தைச் சற்றுக் கூடுதலான நேரம் நோக்கியது. 2019இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் நுண்மையை எட்டியிருக்கிறது.

அளவெண்களைச் சென்டாகவும் ஏக்கராகவும் மாற்றிப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ கோளின் முதற் காமிராவில் ஒரு பிக்சல் தரையில் 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் சற்று மேல். லிஸ்-3 என்னும் பிற்காலக் காமிராவில் ஒரு பிக்சல் 23.5 மீட்டர், இது பதின்மூன்றரை சென்ட். ஒரு பிக்சலுக்குள் கேழ்வரகும் தென்னையும் கிணறும் சேர்ந்திருந்தாலும் காமிரா அவையனைத்தையும் கலந்து ஒரே நிறமாகவே சொல்லும்.

நிறத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1995இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1சி கோளில் 5.8 மீட்டர் நுண்மையுள்ள கறுப்பு வெள்ளைக் காமிராவும், லிஸ்-3 வண்ணக் காமிராவும் இருந்தன. இரண்டின் படங்களையும் இணைத்து, நுண்மையும் வண்ணமும் கொண்ட அழகிய படங்களைத் தயாரிப்பது வழக்கமாயிற்று. அவற்றில் கோடுகள் 5.8 மீட்டர் அளவுக்கு உண்மையானவை; வண்ணமோ 23.5 மீட்டர்ச் சதுரத்துக்கே உரியது. பதினாறு சிறு கட்டங்களுக்கு ஒரு நிறத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே உண்மை. சாதாரண டிஜிட்டல் காமிராவிலும் இதற்கு ஒப்பான பங்கீடு நடைபெறுகிறது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டைப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறார்கள்.

இனி ஏரிக்கரைக்கு வருவோம். பெங்களூர் ஏரிகள் நகரின் பெருக்கத்தால் நெருக்கப்பட்டிருப்பதை அனைவரும் அறிவர். ஒவ்வோர் அடிக்கும் வழக்கு எழும் இடங்கள் அவை. கரைச் சுற்றளவு 4 கிலோமீட்டர் உள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். லிஸ்-3 படத்தில் கரைக்கோடு ஒரே ஒரு பிக்சல் தள்ளிப்போனால், ஏரியின் பரப்பில் ஏறக்குறைய 23 ஏக்கர் கூடவோ குறையவோ செய்யும். கார்ட்டோசாட்-1 படத்தில் அதே பிழை இரண்டரை ஏக்கர். ஆகாயத் தாமரை படர்ந்த நீர்ப்பரப்பு, வழக்கமான பொய்வண்ணப் படங்களில் பயிரைப் போலவே சிவப்பாகத் தோன்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய படத்தைக் கணிப்பொறியில் கூர்மையாக்கினால் என்ன நிகழும்? விளிம்பின் ஒருபுறம் வெளிறிய கோடும் மறுபுறம் கரிய கோடும் எழும். வெளிறிய கோடு மண் கரையைப் போலவே தோன்றும். ஆனால் அங்கே கரை இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை.

இதற்கு மாறான பிழையும் நேர்வதுண்டு. பிக்சலைவிடக் குறுகிய வெண்ணிறப் பாதை, கரிய நிலத்தின் நடுவே சென்றால், தெளிவாகப் பதிவாகும். தகரக் கூரை ஒன்று தன் பிக்சல் முழுவதையும் வெளிறச் செய்துவிடும். அதைவிட அகலமான வரப்போ, வயலும் அதே நிறமாக இருப்பின், தென்படாமலே போகும். ஆகையால் படத்தில் காணாததை இல்லையென்று எழுதுவதற்கு முன்னும் சற்றுத் தயங்க வேண்டும்.

அலுவலகங்களுக்கு வரும் படத்தின் ஓரத்தில் நாள், கோளின் பெயர், பிக்சல் அளவு ஆகியவை குறிக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்ப்பது நலம். பின்னர், ஐயத்துக்குரிய இடத்தைச் சதுரக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும் வரை பெரிதாக்கி, அப்பொருளின் குறுக்கே எத்தனை கட்டங்கள் உள்ளன என்று எண்ண வேண்டும். மூன்றுக்குக் குறைவாயின், கோட்டைப் பென்சிலால் மட்டும் வரைந்துகொண்டு, சங்கிலியுடனோ நாடாவுடனோ அவ்விடத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும்.