முன்மண்டபமும் கருவறையும்: இணைய வழங்கியும் பயன்பாட்டு வழங்கியும் இணையும் முறை

முன்னுரை

தமிழகத்தின் அஜந்தா எனப் போற்றப்பெறும் சித்தன்னவாசல், புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்குள்ள அறிவர் கோயிலுக்குச் செல்வோர் கூரையில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தைக் கண்டு வியந்து திரும்புவர். ஆயின் அக்கோயிலின் அமைப்பும் கருதத்தக்கதே. முன்னே திறந்த மண்டபம், அடுத்து அர்த்தமண்டபம், அதனைக் கடந்து சிறு வாயிலின்வழி நுழைந்தால் கருவறை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபத்தையும் எடுப்பித்தான் என அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. அம்முகமண்டபம் பின்னர் அழிந்தது. இன்று காணும் முன்மண்டபத் தூண்கள் குடுமியான்மலையிலிருந்து கொணரப்பெற்றவை. முன்மண்டபம் மாறியது, பாறையில் குடைந்த கருவறையோ மாறவில்லை.

இணையத்தின்வழி நாம் நாள்தோறும் பெறும் சேவைகள் பலவும் இத்தகைய அமைப்பினையே உடையன. அவற்றின் முன்மண்டபம் எது, கருவறை எது, இரண்டையும் இணைக்கும் வாயிலை எங்ஙனம் காத்தல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வழங்கிகள்

வெப் சர்வர் எனப்படும் இணைய வழங்கி, வருவோர் அனைவரையும் எதிர்கொள்ளும் முன்மண்டபம் ஆகும். கேட்கப்பட்ட பக்கத்தையோ படத்தையோ எடுத்துக் கொடுத்தல், செய்தியை மறைகுறியாக்கிக் காத்தல், தகாத வேண்டுகோள்களை வாயிலிலேயே தடுத்தல் ஆகியன அதன் பணிகள். 1995இல் தோன்றிய அப்பாச்சி இவ்வகையில் பெரும்புகழ் பெற்றதாகும்.

அப்ளிகேஷன் சர்வர் எனப்படும் பயன்பாட்டு வழங்கியோ உண்மையான வேலை நிகழும் இடமாகும். இங்கு நிரல் ஒரே பெரும் தொகுப்பாக இராமல், தனித்தனி ஆக்கக்கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். தொடர்வண்டி முன்பதிவினை எடுத்துக்கொள்வோம். இருக்கை உளதா எனப் பார்ப்பது ஒரு கூறு. கட்டணம் கணிப்பது ஒரு கூறு. பணம் பெறுவது ஒரு கூறு. சீட்டு வழங்குவது மற்றொரு கூறு என அதனைப் பகுக்கலாம். இக்கூறுகளுக்குப் பொதுவாக வேண்டிய பாதுகாப்பு, தரவுத்தளத் தொடர்பு, 'எல்லாம் நடைபெறுக. அன்றேல் எதுவும் நடைபெறற்க' என்னும் பரிவர்த்தனை ஒழுங்கு ஆகியவற்றைப் பயன்பாட்டு வழங்கியே மேற்கொள்ளும். 1998இல் வெளிவந்த என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் என்னும் வரையறை இம்முறையைப் பரவச் செய்தது. ஜேபாஸ், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் ஆகியன இவ்வழியில் வந்தவை. டாம்கேட் இவற்றினும் எளியது. ஜாவா நிரல்களை இயக்கி இணையப் பக்கங்களை ஆக்கித் தருவது.

இணைக்கும் வாயில்

இவ்விரண்டையும் இணைத்தற்கு இரு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, முன்னுள்ள வழங்கி தான் பெற்ற வேண்டுகோளை எச்.டி.டி.பி. மொழியிலேயே பின்னுள்ளதற்குக் கடத்துதல். மற்றொன்று, ஏ.ஜே.பி. எனப்படும் சுருக்கமான தனி மொழியில் பேசுதல். இதற்கென டாம்கேட்டில் 8009 என்னும் எண்ணுடைய வாயில் வழக்கமாகக் குறிக்கப்பெற்றிருக்கும். அப்பாச்சியின் பக்கம் மாட்-ஜேகே என்னும் இணைப்பு நிரல் இப்பணியைச் செய்தது. 2005இல் வெளிவந்த அப்பாச்சி 2.2 பதிப்பு முதல் அத்தகைய வசதி அதனுள்ளேயே அமைந்தது.

பின்னே ஒரு வழங்கிக்கு மாறாகப் பல இருக்குமாயின், முன்மண்டபம் வருவோரைப் பகிர்ந்து அனுப்பும். அப்போது ஒருவருடைய பாதிவேலை எந்த வழங்கியின் நினைவில் உள்ளதோ, அவரை மீண்டும் அதனிடமே அனுப்புதல் வேண்டும். இதன்பொருட்டு ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு பெயரிட்டு, அப்பெயரை வருபவருடைய அடையாளக் குறியின் இறுதியில் சேர்த்து வைப்பர்.

கூட்டம் பெருகும் வேளை

இணைப்பின் தன்மை புலப்படுவது கூட்டம் மிகும்போதே ஆகும். இதற்கு நம் நாட்டுத் தொடர்வண்டித் துறையே தக்க சான்று. 1985இல் தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. 2002 ஆகஸ்டு 3ஆம் நாள் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையவழிச் சீட்டுப்பதிவைத் தொடங்கியது. முன்பே இருந்த கருவறைக்குப் புதியதொரு முன்மண்டபம் எழுந்தது எனலாம். 2014இல் அம்முன்மண்டபம் புதுக்கப்பெற்றது. நிமிடத்திற்கு 2000 சீட்டுகள் என்றிருந்த ஆற்றல் 7200 ஆக உயர்த்தப்பட்டது. பின்னிருந்த முன்பதிவுக் கட்டமைப்பை அகற்றாமலே இது செய்யப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய இணைப்பில் இரு கணக்குகள் பிழையாதிருத்தல் வேண்டும். முதலாவது எண்ணிக்கைக் கணக்கு. அப்பாச்சி 2.4 அதன் இயல்பு அமைப்பொன்றில் ஒரே வேளையில் 400 வேண்டுகோள்களை ஏற்கும். டாம்கேட்டின் இயல்பு அளவோ 200 மட்டுமே. ஏ.ஜே.பி. இணைப்பு ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளே செல்லும். ஆதலின் முன்மண்டபம் அழைத்த 400 பேரில் 200 பேர் கருவறை வாயிலில் காத்து நிற்க நேரும். இரண்டின் அளவையும் ஒருங்கே நோக்கி வகுப்பதே அறிவுடைமை.

இரண்டாவது நேரக் கணக்கு. முன்னுள்ள வழங்கி 60 நொடி காத்திருந்து, விடை வாராமையின் பிழைச்செய்தி காட்டிவிடுகிறது எனக் கொள்வோம். பின்னுள்ள கூறோ 65ஆம் நொடியில் பணத்தைப் பெற்றுப் பதிவையும் முடித்துவிடுகிறது. பயனரோ பதிவு நடைபெறவில்லை எனக் கருதி மீண்டும் பொத்தானை அழுத்துகிறார். பணம் இருமுறை போகின்றது. விடை வரவில்லை என்பதனால் வேலை நடைபெறவில்லை என்று கொள்ளலாகாது. ஆகவே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி எண் தந்து, அவ்வெண் மீண்டும் வருமாயின் வேலையை மறுபடி செய்யாது, முன்னைய விடையையே தருமாறு நிரலை அமைத்தல் வேண்டும். ஏழை மாணவர் ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்தும்போது இச்சிறு ஏற்பாடே அவருடைய பணத்தைக் காப்பதாகும்.

2020 தந்த பாடம்

2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்னும் பெயரால் ஒரு குறைபாடு வெளியாயிற்று. டாம்கேட், தன் 8009ஆம் வாயிலின்வழி வருவன யாவும் நம்பத்தகுந்த முன்மண்டபத்திலிருந்தே வருவன எனக் கொண்டிருந்தது. அவ்வாயிலோ இயல்பாகவே திறந்திருந்தது. இடையே தடுப்பு ஏதும் இல்லாத இடங்களில் வெளியார் எவரும் அதனை நேரே அணுக முடிந்தது. அங்ஙனம் அணுகியோர், பயன்பாட்டினுள் மறைத்து வைத்திருந்த அமைப்புக் கோப்புகளையும் படிக்க இயன்றது. முன்வாயிலில் காவல் இருந்தும் பயனில்லை. பக்கவாயில் தாழிடப்படாமல் இருந்தது.

இதன்பின் வந்த டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் அவ்வாயில் இயல்பாக மூடப்பட்டது. திறப்பினும் அதே கணிப்பொறியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும்; மறைசொல் ஒன்றும் கேட்கும். பழைய பதிப்பை இன்றும் இயக்குவோர் உடனே அதனைப் புதுப்பித்தல் கடமையாகும்.

நிறைவுரை

சித்தன்னவாசலில் காலத்தாலும் மனிதர் கைபட்டும் அழிந்தவை போக எஞ்சியுள்ள ஓவியங்களே இன்று நமக்குச் செல்வமாயுள்ளன. அவற்றைக் காண்பார்க்கு வழி வேண்டும். காத்தற்குக் காவலும் வேண்டும். கணிப்பொறிக் கட்டமைப்பிலும் அஃதே முறை. மக்களுடைய பணமும் மதிப்பெண்ணும் நிலப்பதிவும் உள்ளிருக்கும் கருவறையை நோக்கி, முன்மண்டபத்தின் வழியன்றி வேறு வழி இருத்தலாகாது. நாளை இத்துறையில் புகவிருக்கும் மாணவர்கள் முன்மண்டபத்தின் அழகிலும் கருவறையின் ஆற்றலிலும் மட்டும் கருத்தூன்றாது, இரண்டுக்கும் இடையிலுள்ள அச்சிறு வாயிலைத் தம் கையால் அளந்து, தாழிட்டு, சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றே மேற்கொள்வார்களாக.